சுயசரிதைக்கு எத்தனை காப்பி?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் முனகத் தொடங்கியதை முதலில் கேட்டவள் நான்தான். காது கேட்கும் கருவி பொருத்தும் மையத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அடுத்தவர் காதுக்குள் எட்டிப் பார்ப்பதே பிழைப்பு என்பதால் என் காது கொஞ்சம் கூடுதலாகவே விழித்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, மேசைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள்ளிருந்து, யாரோ நகத்தால் தகரத்தைச் சுண்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. ஒரு சுண்டல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு சுண்டல்.

மேசைக்கு முன்னால் மாமனார் ஒற்றை விரலால் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"மாமா, ஹார்ட் டிஸ்க் சத்தம் போடுது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"காதுக் கருவியக் கழட்டிச் சட்டைப் பையில போட்டிருக்கீங்க. அப்புறம் எப்படிக் கேக்கும்?"

அதுவும் அவர் காதில் விழவில்லை.

மாமனார் ஓய்வுபெற்ற லிஃப்ட் இன்ஸ்பெக்டர். முப்பத்து நான்கு வருடம் ஊரில் உள்ள லிஃப்டுகளின் கூரைமேல் ஏறி நின்று, சட்டையில் கிரீஸ் கறையோடு வீட்டுக்கு வந்தவர். நாலு வருடமாகச் சுயசரிதை எழுதுகிறார். தலைப்பு, 'மேலும் கீழும்'. அன்றைக்கு அது முந்நூற்றெண்பது பக்கம். அதில் லிஃப்டுகளைப் பற்றியெல்லாம் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார். மனிதர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். என் கணவரைப் பற்றி, 'என் மகனின் மூளை, தரைத்தளத்தில் கதவு திறந்தபடியே நின்றுவிட்ட லிஃப்ட்' என்று ஒரு வரி. என்னைப் பற்றி, 'மருமகள் பரவாயில்லை.' முந்நூற்றெண்பது பக்கத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டு வார்த்தை.

என் கணவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் மிதித்தே பழகிய கால், வீட்டு நாற்காலியில்கூடச் சும்மா இருக்காது. பேச்சு சூடுபிடித்தால் வலது கால் தரையை அழுத்தும். சத்தத்தைப் பற்றி அவரிடம் சமையலறையில் சொன்னபோதும் அப்படித்தான் அழுத்தினார்.

"அதுவா போனாப் போகட்டுமே. நமக்கென்ன?"

"உங்க அப்பா நாலு வருஷமா எழுதினது."

"எழுதினதுல பாதி என்னைத் திட்டினதுதானே."

எனக்கும் ஆசை எட்டிப் பார்க்கத்தான் செய்தது. ஆனால் அதே பெட்டிக்குள் பதினோராயிரம் போட்டோக்கள் இருந்தன, மாமியாருடைய கடைசி வருடப் படங்கள் உட்பட. தவிர, ஒரு மனிதர் நாலு வருடம் ஒற்றை விரலால் குத்திக் குத்திச் சேர்த்ததைக் கண்முன்னே சாகவிட மனம் வரவில்லை.

எங்கள் தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்து பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "இன்னிக்கும் போகலாம். அடுத்த வருஷமும் போகலாம். இப்பவே மாத்திடுறது நல்லது" என்றார்.

"மாத்த எத்தனை நாள்?" என்று கேட்டார் மாமனார்.

"மூணு நாள் பெட்டி என் கடையில இருக்கணும்."

"முடியாது. அத்தியாயம் நடுவுல நிக்குது."

டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அப்ப காப்பியாவது எடுத்து வச்சிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படித்தான் மறுநாள் சாப்பாட்டு மேசையில் எங்கள் மாநாடு கூடியது. மாமனார் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு வந்தார். சண்டைக்குத் தயார் என்று அர்த்தம்.

"எதுக்குக் காப்பி? இதுல ஒண்ணு இருக்கு, அது போதும்."

"மாமா, ஒரு லிஃப்ட எத்தனை கயிறு தாங்குது?"

"கட்டடத்தப் பொறுத்தது. அஞ்சு, ஆறு."

"ஒரு கயிறு தாங்காதா?"

"ஏன் தாங்காது? தாராளமாத் தாங்கும். ஒவ்வொண்ணும் தனியாவே தாங்கணும்னுதான் விதி."

"அப்புறம் எதுக்கு மிச்சம் அஞ்சு?"

மாமனார் தட்டைத் தள்ளிவைத்தார்.  என் கணவரின் கால் பிரேக்கிலிருந்து மெல்ல எழும்பியது.

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பத்தே நிமிடத்தில் மனிதர் என்னையும் தாண்டிப் போய்விட்டார். ஒரு தாளை எடுத்து ஆறு கோடு கிழித்தார். ஆறு காப்பி வேண்டும். ஆறும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. "ஆறு கயித்தையும் ஒரே கொக்கியில மாட்டினா, கொக்கி போனா என்ன பண்ணுவ?" என்று என்னையே அதட்டினார்.

"கிளவுட்ல ஒண்ணு வச்சிடலாம் மாமா. வீடு தீப்பிடிச்சாலும் போகாது."

"கிளவுடுன்னா?"

"இன்டர்நெட்ல. அவங்க இடத்துல வச்சுப் பாத்துக்குவாங்க."

"எவங்க?"

எனக்கும் சரியாகத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்துவிட்டார். "எவன்னே தெரியாதவன் வீட்டுல என் வாழ்க்கைய வைக்கணுமா? போட்டோவ வேணா வச்சுக்கோ. போட்டோல நான் யாரையும் ஒண்ணும் சொல்லல."

இழுத்துப் பிடித்து ஆறை மூன்றாகக் குறைத்தேன். போட்டோக்கள் கிளவுடுக்குப் போகும். சுயசரிதைக்கு வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குவோம். ஒன்று வீட்டிலேயே இருக்கும், தினமும் அதில் காப்பி ஏறும். இன்னொன்று வேறொரு வீட்டில் இருக்கும், மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதுசாக்கித் திருப்பிக் கொடுப்போம். பெட்டிக்குள் இருப்பதோடு சேர்த்தால் மொத்தம் மூன்று.

வீட்டு டிஸ்க்கில் தானாகவே காப்பி ஏறும்படி நான் அமைத்துவைத்தேன். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. கியர் இல்லாத வண்டி ஓட்டுபவனை டிரைவர் என்றே ஒப்புக்கொள்ளாதவர் அவர். "தானா நடக்கிறத நம்பவே கூடாது. நானே தினமும் கையால போடுறேன்" என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார். வீட்டு வேலை ஒன்றை அவராகக் கேட்டு வாங்கியதில் எனக்குப் புல்லரித்துவிட்டது. விட்டுக்கொடுத்தேன். அந்தப் புல்லரிப்புக்காகப் பிற்பாடு நன்றாக அனுபவித்தேன்.

இரண்டாவது டிஸ்க்கை யார் வீட்டில் வைப்பது என்பதில்தான் சிக்கல். டிரைவிங் ஸ்கூல் காரில் வைத்தால் வெயிலில் வெந்துவிடும். என் மையத்தில் பூட்டுள்ள அலமாரியே கிடையாது. கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு ஆள். மாமனாரின் அக்கா.

அவரைச் சொந்தக்காரர்கள் தந்தி அத்தை என்பார்கள். அவர் காதில் ஒரு விஷயத்தைப் போட்டால் சாயங்காலத்துக்குள் உறவு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரின் அந்தக் கோடியில், நாலாவது மாடியில் தனியாக இருந்தார். மேசையில் கம்ப்யூட்டர், பீரோவில் பூட்டு, இரண்டும் இருந்தன. அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு பாதி நாள்தான். ஒருமுறை அத்தை குடியிருக்கும் கட்டடத்து லிஃப்டையே மாமனார் சரியில்லை என்று சீல் வைத்துவிட்டார். ஒன்பது மாதம் அத்தை நாலு மாடி ஏறி இறங்கினார். வேண்டுமென்றே செய்தான் என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். சுயசரிதையில் அதற்கு ஒரு அத்தியாயமே உண்டு. அதில் அத்தைக்குக் கிடைத்த பட்டம், 'பிரேக் இல்லாத வாய்'.

"அவ வீட்டுலயா? அவளப் பத்தி எழுதினத அவ கையிலயே கொடுக்கிறதா?"

"பாஸ்வேர்டு போட்டுடலாம் மாமா. அது தெரியாம யாரும் திறக்கவே முடியாது."

 "அந்தக் கட்டடத்துல லிஃப்ட் பத்திரமா இருக்கு. நான் பாத்த லிஃப்ட்" என்று முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

பாஸ்வேர்டை அவரே யோசித்துப் போட்டார். பதினாலு எழுத்து. மறந்துவிடப் போகிறதே என்று ஒரு சின்ன ஸ்டிக்கரில் அழகாக எழுதி, டிஸ்க்கின் அடிப்பக்கத்திலேயே ஒட்டிவிட்டார். இது எனக்குத் தெரியாது. உறைக்குள் போட்டுக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் டிஸ்க்கை வாங்கப் போனபோது பீரோ சாவியைக் காணவில்லை என்றார் அத்தை. அதற்கடுத்த மாதம் வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள். மூன்றாவது மாதம் முதுகுவலி, பீரோவைத் திறக்கக் குனிய முடியாது. நான் பீரோவைப் பார்த்தேன். பூட்டு அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. "அவசரமா என்ன? வீட்டுல ஒண்ணு இருக்குல்ல" என்றார். இருந்தது. என் கணவர் தினமும் சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, கைகால் கழுவி, டிஸ்க்கைச் செருகி, பூஜை செய்பவரைப்போல முகத்தை வைத்துக்கொண்டு காப்பி எடுத்துக்கொண்டிருந்தார். காப்பி எடுத்ததைத் திறந்தும் பார்ப்பார். திறக்கும். திருப்தியாகத் தலையாட்டுவார்.

ஏழு மாதம் இப்படிப் போனது.

ஒரு புதன்கிழமை பகல், ஒரு பாட்டுவாத்தியாருக்கு வலது காதில் கருவி பொருத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"உன் கம்ப்யூட்டர் செத்துப்போச்சு" என்றார் மாமனார். ஓடிக்கொண்டிருந்தவரை அது அவருடைய கம்ப்யூட்டர்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உள்ளே சுழலும் தட்டே கீறிப்போய்விட்டது, இனி ஒரு எழுத்தும் எடுக்க முடியாது என்றார். யாரும் அலறவில்லை. காப்பிதான் இருக்கிறதே. டாக்டர் தன் லேப்டாப்பில் எங்கள் வீட்டு டிஸ்க்கைச் செருகினார். தேதிவாரியாக இருநூற்றுச் சொச்சம் ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன. என் கணவர் மார்பை நிமிர்த்தினார். டாக்டர் முதலில் ஒன்றைத் திறந்தார், பிறகு இன்னொன்று, பிறகு வேறொன்று. அவர் முகம் கோணிக்கொண்டே போனது.

"சார், நீங்க எதைக் காப்பி பண்ணீங்க?"

"ஸ்கிரீன்ல முன்னாடியே இருக்குமே, 'மேலும் கீழும்'னு. அதைத்தான்."

"அது ஷார்ட்கட் சார். ஃபைல் எங்க இருக்குன்னு காட்டுற அம்புக்குறி. ஃபைல் இல்ல."

"தினமும் திறந்து பாத்தேனே! திறந்துச்சே!"

"அம்புக்குறிய அழுத்தினா அது போய் உண்மையான ஃபைலத் திறந்திருக்கு. இப்ப அந்த ஃபைல் இல்ல. உங்ககிட்ட இருநூறு அம்புக்குறி இருக்கு."

என் கணவரின் கால் தரையை அழுத்தியது, நாற்காலியே கொஞ்சம் பின்னால் போனது. மாமனார் மகனை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். "அக்கா வீட்டுக்குப் போகலாம்" என்றார். அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது. முதல்முறையாக அது வயசானவர் குரலாக இருந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரிலேயே போனோம். அத்தை வீட்டு லிஃப்டில் ஏறியதும் வழக்கம்போலச் சுவரைத் தட்டிப் பார்க்கக்கூட இல்லை அவர். கைகளைக் கோர்த்துக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்த அத்தையிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அத்தை முகத்தில் ஒரு நொடி என்னவோ ஓடியது. டீ போடட்டுமா என்றார். டிஸ்க்கைக் கொடு என்றார் மாமனார். பீரோ வரைக்கும் போகவே வேண்டியிருக்கவில்லை. டிஸ்க் மேசைமேலேயே, கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தது. பக்கத்தில் மூக்குக்கண்ணாடி, ஆறிப்போன டீ, கட்டாகக் குறிப்புத்தாள்.

"பாஸ்வேர்டு எப்படி?" என்றேன்.

"அடியில ஒட்டியிருந்துச்சே. எனக்காகத்தான் ஒட்டியிருக்கான்னு நெனச்சேன்."

மாமனார் காதைத் தொட்டார். கருவியைக் கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. ஃபைலைத் திறந்தேன். கொடுக்கும்போது முந்நூற்றெண்பது பக்கமாக இருந்தது இப்போது நானூற்றாறு.

"அக்கா, என்ன பண்ணின?"

"எழுத்துப் பிழைய மட்டும் திருத்தினேன்டா."

"இருபத்தாறு பக்கத்துக்கு எழுத்துப் பிழையா?"

"பிழைன்னா பல விதம் இருக்கு."

இருந்தது. 'பிரேக் இல்லாத வாய்' போய், 'மனத்தில் பட்டதை ஒளிக்காமல் பேசும் என் அக்கா' வந்திருந்தது. லிஃப்டைச் சீல் வைத்த அத்தியாயத்தின் முடிவில், 'அந்த ஒன்பது மாதம் ஒருநாள்கூட நான் அக்காவுக்காக ஒரு தண்ணீர்க் கேன் தூக்கிக் கொடுத்ததில்லை. வெட்கமாக இருக்கிறது' என்று மாமனாரே எழுதியதுபோல எழுதியிருந்தார். என் கணவர் தன்னைப் பற்றிய வரியைத் தேடினார். அது இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ஒரு காற்புள்ளி மட்டும் கூடியிருந்தது.

"பழசு எங்க? நான் எழுதினபடி இருந்தது?"

"அது மேலயேதான் சேமிச்சேன்."

ஆக, உலகத்தில் என் மாமனாரின் வாழ்க்கைக்கு இருந்த ஒரே காப்பி, அவர் அக்கா எழுதிய வாழ்க்கை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அவர் முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போனார். அது அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பழுதான லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை. எங்களுக்கு மனப்பாடம். இருட்டில், தனியாக, கலங்காமல், பழுது எங்கே என்று யோசித்தபடியே நாலு மணி நேரம் நின்ற கதை. அவர் வாய்க்குள் படித்தார், பிறகு நிறுத்தினார். நான் எட்டிப் பார்த்தேன்.

'அது அக்கா வேலை பார்த்த அச்சகத்தின் லிஃப்ட். முதல் அரைமணி நேரம் நான் அழுதேன். சத்தம் கேட்டு அக்கா வந்து கதவிடுக்கில் உட்கார்ந்துகொண்டாள். இடத்தை விட்டுப் போகாதே என்று சொன்னேன். அன்றைக்குத் திருத்தவேண்டியிருந்த புத்தகத்தைக் கூட வேலை பார்த்தவரிடம் எடுத்துவரச் சொல்லி, எனக்காக உரக்கப் படித்தாள். கோழி வளர்ப்பு பற்றிய புத்தகம். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும் அத்தியாயம் வந்தபோது கதவைத் திறந்தார்கள்.'

 தம்பி அக்காவைப் பார்க்கவில்லை. அக்கா குறிப்புத்தாள்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார்.

"அது கோழி இல்ல" என்றார் மாமனார் கடைசியில். "வாத்து."

"கோழிடா."

"வாத்து. தண்ணித் தொட்டி எவ்வளவு ஆழம் இருக்கணும்னு படிச்ச. கோழிக்கு எதுக்குத் தொட்டி?"

அத்தை மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "ஆமாம்ல" என்றார்.

"நாலு மணி நேரமும் இல்ல. மூணே முக்கால்."

"அத நீதான்டா நாலுன்னு எழுதியிருந்த. நான் தொடல."

என் கணவர் எழுந்து போய் டீ போட்டார். அவருக்கும் ஏதோ செய்யவேண்டும்போல இருந்திருக்கும். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார். யாரும் அதைச் சொல்லாமல் பாதி குடித்தோம்.

அதற்குப் பிறகு பொறுப்பு முழுக்க என் கைக்கு வந்தது, நான் யாரையும் கேட்கவில்லை. புதுக் கம்ப்யூட்டரில் காப்பி தானாகவே ஏறும். என் கணவர் அதைத் தொடக்கூடாது. புதுசு பழசை அழிக்காது. ஒவ்வொரு வாரத்துக் காப்பியும் தனித்தனியாக நிற்கும். போட்டோக்கள் மூன்று நாள் முக்கி முக்கி கிளவுடிலிருந்து இறங்கின, ஒன்றுகூடக் குறையவில்லை. அதைப் பார்த்த மாமனார், எவன் வீடோ தெரியாத அந்த வீட்டுக்குச் சுயசரிதையையும் அனுப்பச் சொன்னார். "அவன் படிச்சாப் படிக்கட்டும். அவன என்ன நான் திட்டியா வச்சிருக்கேன்?" ஒரு டிஸ்க் அத்தை வீட்டிலேயே இருக்கிறது. ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டேன். அதனால் பிரயோஜனம் ஒன்றும் இல்லை, அத்தைக்குப் பாஸ்வேர்டு மனப்பாடம்.

தொலைந்துபோன கடைசி ஏழு மாதப் பக்கங்களை மாமனார் மறுபடி எழுதினார். தினமும் காலை பத்து மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டு, எழுதியதைப் படித்துக் காட்டுவார். அரைமணி நேரம் சண்டை நடக்கும். அத்தை போனை வைத்துவிடுவார். பத்து நிமிடத்தில் அவரே திருப்பிக் கூப்பிட்டு, "அந்த வரிய மறுபடி படி" என்பார். இந்தச் சண்டைகள் எதுவும் உறவுக்காரர்கள் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தந்தி அத்தையின் வரலாற்றில் இது முதல் முறை.

போன சனிக்கிழமை காலை, எடுத்த காப்பிகளெல்லாம் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று பார்த்தேன். மாமனார் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த வாரம் வரைக்கும் பதினொரு காப்பி. ஒவ்வொன்றாகத் திறந்து முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போகச் சொன்னார். முதல் காப்பியின்படி அவர் லிஃப்டுக்குள் அழுதார். மூன்றாவதில் அழவில்லை. ஐந்தாவதில் 'கண் கலங்கியது'. ஏழாவதில் கோழி மறுபடி வந்துவிட்டிருந்தது, யார் செய்த வேலை என்று தெரியவில்லை. கடைசிக் காப்பியில் வாத்தும் இருந்தது, அழுகையும் இருந்தது. அழுத அரைமணி நேரம் மட்டும் கால்மணி நேரமாகக் குறைந்திருந்தது.

"இதுல எத வைக்கணும் மாமா? மத்ததை அழிச்சிடவா?"

"இடம் பத்தலையா?"

"நிறைய இருக்கு. எழுத்து எவ்வளவு இடத்த அடைச்சிடப் போகுது?"

"அப்ப எல்லாத்தையும் வை" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, பதினொன்றாவது காப்பியை மறுபடி திறக்கச் சொல்லி, ஒற்றை விரலால் கால்மணி நேரத்தை அழித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, இருபது நிமிடம் என்று மாற்றினார்.